கையெழுத்துக்கு முன் ஒரு வாசிப்பு

நுழையும் முன்

பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் பெருங்கனவு சொந்த வீடு. அக்கனவை நனவாக்க முற்படும்போது நேரும் பிழைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்கிறார் இக்கட்டுரையாசிரியர். அந்த வேர் எது? படித்தறிவோம்.



சென்ற ஆண்டு, கோடை விடுமுறை தொடங்க இரண்டு நாள்கள் இருக்கையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். அவள் கையில் நான்கைந்து தாள்கள் இருந்தன. "மேம், அப்பா ஊரில் ஒரு வீடு வாங்கப் போகிறார். இதைப் படித்துச் சொல் என்று என்னிடம் கொடுத்தார். எழுத்தெல்லாம் படிக்க வருகிறது, பொருள்தான் விளங்கவில்லை" என்றாள்.

அவளுடைய தந்தையார் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் நன்றாகப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. தாயார் ஊரில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். ஆயினும், "பத்திரத் தமிழ் எனக்குப் புரியாது" என்று ஒதுங்கிவிட்டாராம். முப்பது இலட்ச ரூபாய் கொடுத்து வீடு வாங்கவிருந்த அக்குடும்பத்தில், அவ்வீட்டைப் பற்றிய தாள்களைப் படிப்பதற்கு அந்தச் சிறுமியைத் தவிர வேறொருவரும் இல்லை.

வீடு வாங்குவோர் செய்யும் பிழைகள் எவை என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுவர். விலையை அதிகமாகக் கொடுப்பது என்பார் சிலர். இடத்தைத் தவறாகத் தேர்வது என்பார் சிலர். கடனை அளவுக்கு மீறி வாங்குவது என்பார் வேறு சிலர். இவை யாவும் பிழைகளே. ஆனால், இவற்றுக்கெல்லாம் தாயான பிழை ஒன்று உண்டு. படிக்காமல் கையெழுத்திடுவதே அது. இதை நான் பிறரைப் பார்த்துக் கற்கவில்லை; என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன்.

நான் செய்த பிழை

தில்லிக்குப் பணிமாறுதலில் வந்த சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு மே மாதத்தில் ஊருக்குச் சென்றிருந்தேன். கையில் இருந்தது பத்து நாள் விடுப்பு. திருச்சிராப்பள்ளிக்கு வெளியே ஒரு சிறிய வீடு விலைக்கு வந்திருப்பதாக உறவினர் ஒருவர் கூறினார். போய்ப் பார்த்தோம். வாசலில் வேப்பமரம், கொல்லையில் கிணறு. பார்த்த கணத்திலேயே மனம் அங்குக் குடியேறிவிட்டது. விற்பவர் என் தந்தையாருக்குத் தெரிந்தவர். "நம்ம ஊர்க்காரர், நம்பலாம்" என்றார்கள் எல்லாரும். விடுப்பு முடிய மூன்று நாள்களே இருந்தன. இரண்டு இலட்ச ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, கிரைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.

அந்த ஒப்பந்தம் மூன்று பக்கங்கள் கொண்டது. முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'மேற்படி', 'மேற்படி' என்று நீண்டுகொண்டே சென்ற வாக்கியங்கள் சலிப்பூட்டின. மற்ற பக்கங்களைப் புரட்டினேனே தவிரப் படிக்கவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். சங்க இலக்கியத்துக்கு உரை காணப் பயின்றவள். என் வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய மூன்று பக்கத் தமிழைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லாமற் போயிற்று.

தில்லிக்குத் திரும்பி, வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தேன். வங்கியார் வில்லங்கச் சான்று கேட்டனர். அதை எடுத்துப் பார்த்தபோதுதான், அவ்வீடு முன்பே அடமானத்தில் இருப்பது தெரிந்தது. "கட்டிவிடுகிறேன், கட்டிவிடுகிறேன்" என்றார் விற்பவர், கட்டவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். மூன்று மாதத்துக்குள் நான் கிரையத்தை முடிக்காவிட்டால் முன்பணம் எனக்குத் திரும்பாது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. சொத்தின்மீது வில்லங்கம் ஏதும் இல்லை என்று விற்பவர் உறுதி கூறும் வரி வழக்கமாக இடம்பெறும். அந்த வரி மூன்று பக்கங்களிலும் இல்லை. எழுதப்பட்டிருந்ததையும் நான் காணவில்லை. எழுதப்படாமல் விடப்பட்டதையும் காணவில்லை.

வழக்குத் தொடுத்தால் நியாயம் கிடைக்கும் என்றார் வழக்கறிஞர். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தில்லியிலிருந்து ஊருக்குச் சென்றுவர என்னிடம் விடுப்பு இல்லை. இரண்டு ஆண்டுகள் பேசிப் பேசி, ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் திரும்பப் பெற்றேன். மீதி, நான் படிக்காத இரண்டு பக்கங்களுக்குக் கொடுத்த கட்டணம்.

வெளியூரில் வாழ்வோரின் அவசரம்

ஊரிலேயே வாழ்பவர் வீடு வாங்கும்போது, அவ்விடத்தை மழைக்காலத்திலும் பார்க்கிறார், வெயிற்காலத்திலும் பார்க்கிறார். தண்ணீர் தேங்குமா, கிணறு வற்றுமா என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிகிறார். நாமோ கோடை விடுமுறையில் மட்டும் செல்கிறோம். மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் நிலம் ஐப்பசியில் குளமாகலாம். இரயில் பயணச்சீட்டின் தேதியே நம் முடிவுக்கும் கெடுவாகிவிடுகிறது. "இன்றே முன்பணம் கொடுக்காவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று தரகர் கூறும் சொல்லுக்கு ஊரில் இருப்பவர் அஞ்சுவதைவிட நாம் அதிகம் அஞ்சுகிறோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழம் பார்க்க நேரமில்லாதவர் காலை விடாமலிருப்பதே நலம். ஒரு வீடு கைநழுவிப் போனால் இன்னொரு வீடு கிடைக்கும்; சேமிப்பு கைநழுவினால், அதை மீண்டும் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

தொலைவில் இருப்பது ஒரு குறைதான். ஆயினும் இன்று அது பெருங்குறையன்று. தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டா விவரங்களையும் அரசின் இணையதளத்தில் காணலாம். இவற்றுக்கு ஊருக்குச் செல்ல வேண்டுவதில்லை. தில்லியில் இருந்தபடியே பார்க்கலாம். தேவைப்படுவது ஒன்றே ஒன்று: அங்கே தமிழில் எழுதியிருப்பதைப் படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றல்.

எந்தத் தாளில் என்ன இருக்கும்?

விற்பவர், தம் உரிமையை வாங்குபவருக்கு எழுதிக் கொடுப்பது கிரையப் பத்திரம். விற்பவருக்கு அவ்வுரிமை எப்படி வந்தது என்பதைக் காட்டும் முந்தைய பத்திரம் தாய்ப்பத்திரம். அது பாகப்பிரிவினையால் வந்ததா, தானமாக வந்ததா, விலைக்கு வாங்கியதா என்பதை அறிய வேண்டும். உடன்பிறந்தார் ஐவருக்கு உரிய வீட்டை ஒருவர் மட்டும் விற்க முன்வந்தால், மற்ற நால்வரின் கையெழுத்தும் வேண்டுமல்லவா? தாய்ப்பத்திரத்தைப் படிக்காதவர் அந்த நால்வர் இருப்பதையே அறியமாட்டார்.

பேச்சுவழக்கில் 'வில்லங்கம்' என்றால் வம்பு என்று பொருள். பத்திர வழக்கில், சொத்தின்மீது பிறருக்கு உள்ள பிடிமானம் என்று பொருள். ஒரு சொத்தைப் பற்றிப் பதிவான கிரையம், அடமானம், ஒப்பந்தம் முதலியவற்றை வில்லங்கச் சான்று ஆண்டுவாரியாகக் காட்டும். ஆனால், அது பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத கடனையும், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கையும் அதில் காண முடியாமற் போகலாம். சான்று சுத்தமாக இருக்கிறது என்பதோடு விசாரணையை நிறுத்திவிடலாகாது.

பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவு. நிலத்தின் புல எண், பரப்பு, தீர்வை ஆகியவற்றைக் கூறுவது. "பட்டா இருக்கிறது; பிறகென்ன?" என்பார் பலர். பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டிவிடாது. பத்திரமும் பட்டாவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே முறை.

நீங்கள் வகுப்பில் வேற்றுமை உருபுகளைக் கற்றிருக்கிறீர்கள். "இதெல்லாம் எதற்குப் பயன்படும்?" என்று கேட்டவர்களும் உங்களுள் உண்டு. பத்திரத்தில் வீட்டின் நான்கெல்லையை எழுதும் முறையைப் பாருங்கள். 'பொதுப் பாதைக்கு வடக்கு' என்று எழுதியிருந்தால், பாதை வீட்டுக்கு வடக்கே இருக்கிறது என்று பலர் கொள்வர். அது தவறு. பாதைக்கு வடக்கே வீடு இருக்கிறது. எனவே, பாதை வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. 'கு' என்னும் ஒரே உருபு, உங்கள் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வாறே, 'கிழமேல்' என்பது கிழக்கு மேற்கான அளவு. 'தென்வடல்' என்பது தெற்கு வடக்கான அளவு. இவை கடினமான சொற்கள் அல்ல; பழகாத சொற்கள்.

அளவும் பணமும்

தில்லியில் மனையைக் கஜத்தில் கூறுகின்றனர். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. தமிழ்நாட்டில் சென்ட், கிரவுண்டு, சதுர அடி என்கின்றனர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்னும் அளவுகளில் இருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். தரகர் ஓர் அளவில் பேச, பத்திரம் ஓர் அளவில் எழுத, பட்டா வேறோர் அளவில் கூறும்போது, பெருக்கிப் பார்க்காதவர் ஏமாறுவார்.

அடுக்குமாடிக் குடியிருப்பாயின் இன்னொரு குழப்பம் உண்டு. விளம்பரத்தில் கூறும் பரப்பில் மாடிப்படி, நடைவழி முதலிய பொது இடங்களின் பங்கும் சேர்ந்திருக்கக்கூடும். நாம் உள்ளே புழங்கும் பரப்பு அதைவிடக் குறைவு. 2016ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், கார்பெட் ஏரியா எனப்படும் உட்பரப்பு எது என்பதை வரையறுத்தது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல், விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் முன்பணம் பெறலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இச்சட்டம் நமக்காக இயற்றப்பட்டது. ஆயினும், அதை அறியாதவருக்கு அதனால் என்ன பயன்?

இனிப் பணத்தைப் பார்ப்போம். வீட்டின் விலை 30 இலட்சம் என்றால், 30 இலட்சம் இருந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு. அதாவது 2 இலட்சத்து 70 ஆயிரம். இக்கடனில் வங்கி மிகுதியாகக் கொடுப்பது விலையில் 90 விழுக்காடு; அதாவது 27 இலட்சம். ஆகவே, நம் கையில் 5 இலட்சத்து 70 ஆயிரமாவது இருத்தல் வேண்டும். அந்த 27 இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதந்தோறும் ஏறத்தாழ 24,300 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தத்தில் கட்டுவது 58 இலட்சத்துக்கு மேல். வட்டி, வாங்கிய கடனைவிட மிகுதி! இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, "எங்களால் இயலும்" என்று துணிபவர் வாங்கட்டும். போடாமல் துணிபவர் வீட்டை வாங்கவில்லை. இருபது ஆண்டுக் கவலையை வாங்குகிறார்.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நான் இரண்டு இலட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். அது என் இன்னொரு பிழை. வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் இப்போது தடுக்கிறது. வங்கி வழியே கொடுத்த பணத்துக்கு வங்கியே சாட்சி.

இங்கு வாங்குவோருக்கும் இதுவே

ஊரில் அன்றி, நாம் வாழும் இந்நகரிலேயே வீடு வாங்குவோரும் உண்டு. தில்லியில் பல குடியிருப்புகளில், கிரையப் பத்திரம் பதியாமல் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதிக்கொண்டு வீடுகள் பல காலம் கைமாறி வந்தன. அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. "எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்?" என்பது உரிமைக்குச் சான்றாகாது. இங்குள்ள பத்திரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மொழி வேறு, விதி ஒன்றே.

சிலர் மறுக்கலாம்

"வழக்கறிஞர் இருக்கிறார், வங்கி இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கலாம். வழக்கறிஞரின் துணை கட்டாயம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வங்கி பார்ப்பது தன் கடன் திரும்புமா என்பதை. வழக்கறிஞர் பார்ப்பது நாம் கொடுக்கும் தாள்களை. எந்தத் தாள் இல்லை என்று கேட்பதற்கும், அவர் கூறுவதைப் புரிந்துகொள்வதற்கும் நமக்குச் சிறிதளவேனும் தெரிந்திருத்தல் வேண்டும். அன்றியும், முன்பணம் கொடுக்கும் நாளில் வங்கியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. நாம் மட்டுமே இருக்கிறோம்.

"இது பெரியவர்கள் வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பது இன்னொரு மறுப்பு. முடிவெடுப்பது பெரியவர்களே, அதில் ஐயமில்லை. ஆனால், நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அலமாரியில் தாத்தா காலத்துப் பத்திரம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் தாத்தா ஒருவராகவே இருந்திருப்பார். பெற்றோருக்குத் தமிழ் நாவில் இருக்கிறது, கண்ணில் இல்லை. நீங்களோ இந்தியும் ஆங்கிலமும் கற்கிறீர்கள். தமிழையும் விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறீர்கள். அதனால், தில்லிப் பத்திரத்தையும் திருச்சிப் பத்திரத்தையும் ஒருசேரப் படிக்கக்கூடியவர் உங்கள் வீட்டில் நீங்களாகவே இருக்கக்கூடும். தமிழ் நம் பெருமை என்று மேடையில் பேசுகிறோம். பெருமை இருக்கட்டும். உங்கள் குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும் கருவியாகவும் அது இருக்கிறது என்பதே நான் கூற விரும்புவது.

அந்த மாணவி கொண்டுவந்த தாள்களை நானும் அவளும் இரண்டு மாலைகள் அமர்ந்து படித்தோம். ஒவ்வொரு 'மேற்படி'யும் எதைக் குறிக்கிறது என்று பென்சிலால் கோடிட்டாள். பட்டாவில் பரப்பு 2.02 ஏர் என்று இருந்தது. "தரகர் ஆறு சென்ட் என்றாரே, மேம்!" என்றவள், அங்கேயே பெருக்கிப் பார்த்தாள். ஐந்து சென்டே வந்தது. மறுநாள் அவளுடைய தந்தையார் ஊருக்குப் பேசினார். நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்தனர். ஐந்தே சென்ட்தான். விலையும் ஐந்து சென்டுக்கே பேசி முடிக்கப்பட்டது.

விடுமுறை முடிந்து வந்தவள், பதிவான பத்திரத்தின் நகலைக் காட்டினாள். வாங்குபவர் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. அவள் தந்தையார் ஆங்கிலத்தில்தான் கையெழுத்திட்டிருந்தார். "ஒவ்வொரு பக்கத்தையும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்" என்றாள்.

சிந்தித்து எழுதுக

1. 'எழுதப்பட்டிருந்ததையும் நான் காணவில்லை. எழுதப்படாமல் விடப்பட்டதையும் காணவில்லை' என்று ஆசிரியர் கூறுவதன் பொருளை விளக்குக.

2. 'கால்வாய்க்கு மேற்கு, பொதுப் பாதைக்கு வடக்கு' என்று ஒரு வீட்டின் எல்லை எழுதப்பட்டுள்ளது. அவ்வீட்டுக்குக் கால்வாய் எத்திசையில் உள்ளது? பாதை எத்திசையில் உள்ளது? படம் வரைந்து காட்டுக.

3. கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி கொண்ட மனை எத்தனை கிரவுண்டு? ஏறத்தாழ எத்தனை சென்ட்? எத்தனை சதுர கஜம்?

4. 'வழக்கறிஞரும் வங்கியும் இருக்கும்போது வாங்குபவர் பத்திரத்தைப் படிக்க வேண்டியதில்லை' – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.

5. உங்கள் வீட்டில் பெரியவர்களின் இசைவோடு, தமிழில் எழுதப்பட்ட பழைய தாள் ஒன்றைப் படித்து, அதில் உள்ள புதிய சொற்கள் ஐந்தை எழுதி வருக.